10 மணி நேரமா, 34 மணி நேரமா: நெடுந்தூர லாரிக்கு ஏபியு தேர்ந்தெடுக்கும் கணக்கு

நெடுந்தூர லாரியின் 13 லிட்டர், 15 லிட்டர் எஞ்சின்கள் 36 டன் எடையை மலையேற்றுவதற்காகச் செய்யப்பட்டவை. ஓட்டுநர் உறங்கும் கேபினைக் குளிர்விக்கவோ சூடாக்கவோ தேவைப்படுவது 2 முதல் 3 கிலோவாட் அளவு வேலைதான். அதற்காகப் பெரிய எஞ்சினை இரவெல்லாம் ஓடவிட்டால் மணிக்குச் சுமார் 3 லிட்டர், அதாவது 0.8 கேலன் டீசல் கரையும். ஏபியு என்பது பெரிய எஞ்சினை அணைத்துவிட்டு, நிற்கும் லாரியின் கேபினுக்குக் குளிர், சூடு, மின்சாரம் தரும் துணை அலகு. அதே வேலையை ஒரு சிறிய டீசல் ஏபியு மணிக்கு 0.4 முதல் 1.1 லிட்டருக்குள் முடித்துவிடும். பேட்டரி ஏபியுவுக்கு நின்ற இடத்தில் டீசலே தேவையில்லை.

இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். தேர்வு தவறுவது அடுத்த படியில்தான். விளம்பரத்தாளில் குளிர்விக்கும் திறனைக் காட்டும் பிடியு எண்ணையும் விலையையும் வைத்து ஒப்பிட்டுவிட்டு வாங்குகிறார்கள். ஏபியுவைத் தீர்மானிக்க வேண்டியவை இரண்டு: உங்கள் லாரி ஆண்டில் எதிர்கொள்ளும் மிக நீண்ட நிறுத்தம், அந்த நிறுத்தத்தின்போது வெளியே இருக்கும் வெப்பம் அல்லது குளிர். அமெரிக்க விதிப்படி 11 மணி நேரம் ஓட்டியவர் தொடர்ச்சியாக 10 மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும். வாராந்தர மணிக்கணக்கைப் புதிதாகத் தொடங்க 34 மணி நேர ஓய்வு. இந்த 10, 34 என்ற இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் டீசலா பேட்டரியா என்ற கேள்விக்கு விடை இருக்கிறது.

முதலில் லாரியிடம் கேளுங்கள்

எந்தக் கடைக்கும் போவதற்கு முன் எஞ்சின் கணினியில் உள்ள பதிவுகளை எடுத்துப் பாருங்கள். மொத்த எஞ்சின் மணிகள், நின்றபடி ஓடிய (ஐட்லிங்) மணிகள், அப்போது எரிந்த டீசல் ஆகியவற்றை இன்றைய எஞ்சின்கள் தனித்தனியே எண்ணி வைக்கின்றன. பணிமனையில் ஸ்கேனர் வைத்து எடுக்கச் சில நிமிடம் போதும். பிடிஓ வேலைக்காக, அதாவது எஞ்சின் சக்தியில் பம்ப் போன்ற கருவிகளை ஓட்டுவதற்காக, எஞ்சின் ஓடிய நேரம் வேறு கணக்கில் இருக்கும். அதை ஐட்லிங் மணிகளோடு கலந்துவிடாதீர்கள்.

இரவு உறக்கத்துக்கு எஞ்சினை ஓடவிடும் லாரிகளில் ஆண்டுக்கு 1,800 மணி நேரம் என்பது ஆய்வுகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் சராசரி. அதை வைத்துப் பார்த்தால், மணிக்கு 0.8 கேலன் எரித்த இடத்தில் டீசல் ஏபியு 0.2 கேலன் எரித்தால் ஆண்டுக்கு 1,080 கேலன் மிச்சம். ஏறத்தாழ 4,090 லிட்டர். ஆனால் உங்கள் பதிவில் 600 மணி நேரம்தான் வருகிறது என்றால் இந்த மிச்சம் மூன்றில் ஒன்றாகிவிடும், போட்ட பணம் திரும்பி வர மூன்று மடங்கு காலம் ஆகும். இருவர் மாறி மாறி ஓட்டும் லாரிகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஒருவர் உறங்கும்போது மற்றவர் ஓட்டுவதால் எஞ்சின் எப்படியும் வேலையில்தான் இருக்கிறது. அவர்களுக்கு விலையுயர்ந்த டீசல் ஏபியுவைவிட ஒரு நல்ல டீசல் ஹீட்டரும் சிறிய பேட்டரி குளிரூட்டியும் போதுமானதாக இருக்கக்கூடும்.

மிச்சக் கணக்கில் டீசலை மட்டும் சேர்ப்பது குறைவான கணக்கு. நின்றபடி ஓடும் எஞ்சினின் புகை சூடாக இருக்காது. புகைக்கரி வடிகட்டியான டிபிஎஃப், சேர்ந்த கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள அந்தச் சூடு போதாது. கரி சேரும், கூடுதல் டீசல் தெளித்து அதை எரிக்கும் ரீஜென் அடிக்கடி வரும், அந்த டீசலைச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் எஞ்சின்களில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து எஞ்சினுக்கே திருப்பும் இஜிஆர் கூலரிலும் கரி படியும். இரவெல்லாம் ஐட்லிங்கில் விடும் லாரிக்குப் பணிமனைச் செலவு ஏறுவதற்கு இவைதான் காரணம். எஞ்சின் கணினியில் ரீஜென் எண்ணிக்கையும் இருக்கும். ஏபியு பொருத்துவதற்கு முன்னும் பின்னும் அதைக் குறித்து வையுங்கள்.

பேட்டரி ஏபியு: எண்கள் சொல்வது

பேட்டரி ஏபியுவின் அமைப்பு எளிது. குரூப் 31 அளவில், ஏஜிஎம் எனப்படும் மூடிய ஈய பேட்டரிகள் நான்கு, மின்சாரத்தில் ஓடும் மாறும் வேகக் கம்ப்ரசர், கண்டென்சர், படுக்கைக்குக் கீழே ஊதும் அலகு. சூட்டுக்குத் தனியாக டீசல் ஹீட்டர். சத்தம் குறைவு, புகை கிடையாது, ஆயில் மாற்றும் வேலை இல்லை.

சக்தியைக் கணக்கிடுவோம். ஒரு பேட்டரி 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்றால் 1.2 கிலோவாட்-மணி. நான்கும் சேர்ந்து 4.8. ஏஜிஎம் பேட்டரியைப் பாதிவரை மட்டும் இறக்கினால் நீண்ட நாள் வரும். 80 விழுக்காடு வரை இறக்கலாம், ஆனால் ஆயுள் கணிசமாகக் குறையும். அதாவது கையில் உள்ளது 2.4 முதல் 3.8 கிலோவாட்-மணி வரை.

இனி செலவு. மிதமான இரவில், நன்கு மூடப்பட்ட கேபினில், கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு சராசரியாக 300 வாட் எடுக்கிறது என்று வையுங்கள். 10 மணி நேரத்துக்கு 3 கிலோவாட்-மணி. குளிர்பெட்டி, விளக்கு, கைபேசி, உறக்கத்தில் மூச்சடைப்பு உள்ளவர்கள் போட்டுக்கொள்ளும் சிபேப் கருவி எல்லாம் சேர்ந்து இன்னொரு 1. மொத்தம் 4. பேட்டரியின் விளிம்பைத் தொட்டுவிட்டோம். வெளியே இரவிலும் 32, 33 டிகிரி இருக்கும் பாலைவனப் பகுதியில் சராசரி 500 வாட்டைத் தாண்டும். அப்போது 6 கிலோவாட்-மணி வேண்டும். ஆறு, ஏழு மணி நேரத்தில் பேட்டரி அளவுக்கு மேல் இறங்காமல் தடுக்கும் காவல் சுற்று குளிரூட்டியை நிறுத்திவிடும். மதியம் படுத்து இரவில் ஓட்டுபவர்களுக்கு இதைவிடவும் மோசம். வெயில் நேரடியாகக் கூரையில் விழும்போது கம்ப்ரசர் முழு வேகத்திலிருந்து இறங்கவே இறங்காது.

34 மணி நேர நிறுத்தத்துக்கு வருவோம். குளிரூட்டி 400 வாட், மற்றவை 100 வாட் என்று தாராளமாகக் குறைத்தே போட்டாலும் 17 கிலோவாட்-மணி. நான்கு பேட்டரியின் முழுக் கொள்ளளவைப்போல மூன்றரை மடங்கு. இந்த இடைவெளியை இன்னும் இரண்டு பேட்டரி சேர்த்து நிரப்ப முடியாது. வாராந்தர ஓய்வை வீட்டில் எடுப்பவருக்கு இது பிரச்சினையே இல்லை. லாரி நிறுத்தத்தில் எடுப்பவருக்கு இரண்டு வழிதான் உண்டு: நிறுத்தத்திலுள்ள மின் இணைப்பில் செருகுவது, அல்லது இடையிடையே பெரிய எஞ்சினை ஓடவிட்டுப் பேட்டரியை ஏற்றுவது. இரண்டாவது வழியில் போனால் எதைத் தவிர்க்கப் பணம் கொடுத்தோமோ அதையே செய்துகொண்டிருப்போம்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இந்தக் கணக்கைக் கொஞ்சம் நகர்த்துகிறது. அதே 400 ஆம்பியர்-மணிக்கு 5.1 கிலோவாட்-மணி, அதில் 90 விழுக்காடு வரை பயமின்றி எடுக்கலாம், எடையும் பாதிக்குக் குறைவு. ஆனால் உள்ளே பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போன நிலையில் சார்ஜ் ஏற்றினால் செல்லில் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் வரும். உள்ளேயே சூடேற்றும் தகடும், குளிரில் சார்ஜைத் தடுக்கும் மேலாண்மைச் சுற்றும் உள்ளவற்றை மட்டுமே வடக்குச் சாலைகளுக்கு எடுங்கள்.

பேட்டரி ஏபியு வாங்குபவர்கள் அதிகம் மறப்பது மறுநாள் காலையை. இரவில் எடுத்த 4 கிலோவாட்-மணியைத் திரும்ப வைக்க இழப்பையும் சேர்த்துச் சுமார் 380 ஆம்பியர்-மணி வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டர் மேல் 160 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அது குளிர்ந்த நிலையில் தரும் எண். சூடேறியபின் 120, 130தான் வரும். விளக்கு, மின்விசிறி, கணினிகள் எல்லாம் 50 முதல் 60 வரை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது 70 ஆம்பியர். ஐந்தரை மணி நேரம் ஓட வேண்டும். அதற்குமேல், ஈய பேட்டரியின் கடைசி 20 விழுக்காடு மெதுவாகத்தான் ஏறும், எவ்வளவு பெரிய ஆல்டர்னேட்டர் போட்டாலும். நாள் முழுக்க 10, 11 மணி நேரம் ஓட்டுபவருக்கு இது தாராளம். காலையில் மூன்று மணி நேரம் ஓட்டிவிட்டு சரக்கு இறக்கும் மேடையில் அரை நாள் காத்திருக்கும் வழித்தடத்தில் ஒவ்வொரு இரவும் பேட்டரி கொஞ்சம் குறையாகவே தொடங்கும். குறை சார்ஜில் கிடக்கும் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும். நான்கு ஆண்டு வர வேண்டிய பேட்டரி ஒன்றரை ஆண்டில் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்; குறைபாடு பேட்டரியில் இருப்பதில்லை. ஆகவே 240 ஆம்பியருக்கு மேற்பட்ட ஆல்டர்னேட்டரைப் பேட்டரி ஏபியுவின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

கூரைச் சூரியத் தகடு பற்றி ஒரு வார்த்தை. 300 வாட் தகடு குளிரூட்டியை ஓட்டாது. ஆனால் லாரி சும்மா நிற்கும் நாட்களில் பேட்டரியை முழு சார்ஜில் வைத்திருக்கும்; சல்பேட் படிவதைத் தடுக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே அது பயன்தான்.

டீசல் ஏபியு: உள்ளே இருப்பது என்ன

சந்தையில் உள்ள டீசல் ஏபியுக்களில் பெரும்பாலானவற்றுக்குள் இரண்டு சிலிண்டர் எஞ்சின்தான் இருக்கும். குபோட்டாவின் இசட்482, யான்மாரின் இரட்டைச் சிலிண்டர் வகைகள் பரவலாகப் பயன்படுகின்றன. இசட்482 என்பது அரை லிட்டருக்கும் சற்றுக் குறைவான எஞ்சின். இந்த எஞ்சின்கள் நம்பகமானவை. பழுது வருவது பெரும்பாலும் எஞ்சினைச் சுற்றியுள்ள பாகங்களில்.

எஞ்சினோடு எதை இணைத்திருக்கிறார்கள் என்பதில் இரண்டு மரபுகள் உண்டு. முதல் வகையில் பெல்ட் ஒன்று ஆல்டர்னேட்டரையும் குளிரூட்டிக் கம்ப்ரசரையும் சுழற்றும்; தெர்மோ கிங் நிறுவனத்தின் ட்ரைபேக் இவ்வகை. கேஸ் ஹோஸ்கள் சேஸியிலிருந்து கேபினுக்குள் ஏறும். இரண்டாவது வகையில் எஞ்சின் ஒரு ஜெனரேட்டரைச் சுழற்றி 120 வோல்ட் மாறுதிசை மின்சாரம் தரும்; குளிரூட்டி மின்சாரத்தில் ஓடும்; கேபினுக்குள் ஏறுவது வயர் மட்டுமே. பெல்ட் வகை எடை குறைந்தது, சிக்கனமானது. ஆனால் ஹோஸ் இணைப்புகளில் அதிர்வால் கேஸ் கசிவது இதன் நிரந்தரத் தொல்லை. பெல்ட்டும் இறுக்கும் உருளையும் தேயும். ஜெனரேட்டர் வகையில் மைக்ரோவேவ், மின்னடுப்பு எல்லாம் நேரடியாக ஓடும். விலையும் எடையும் கூடுதல்.

பெல்ட் வகையில் ஆல்டர்னேட்டரின் அளவைக் கேட்டு வாங்குங்கள். 65 ஆம்பியர் என்றால் 900 வாட்தான். 1,500 வாட் இழுக்கும் மைக்ரோவேவை 12 வோல்ட் இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால் 140 ஆம்பியர் போகும். மீதியை பேட்டரிதான் தர வேண்டும். ஐந்து நிமிடத்துக்குப் பரவாயில்லை. மின்னடுப்பில் ஒரு மணி நேரம் சமைப்பவருக்கு ஆகாது. அவர் 120 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கோ ஜெனரேட்டர் வகைக்கோ போக வேண்டும்.

ஆனால் தேவைக்கு மேல் பெரிதாக வாங்குவதும் தவறே. சிறிய டீசல் எஞ்சின் சுமையின்றி நீண்ட நேரம் ஓடினால் சிலிண்டர் சூடேறாது. டீசல் முழுமையாக எரியாது. புகைக்குழாயில் கரியும் ஈரமான எண்ணெய்ப்பிசுக்கும் சேரும். தனி டிபிஎஃப் உள்ள ஏபியுவில் இது நேராக வடிகட்டியை அடைக்கும். 6 கிலோவாட் ஜெனரேட்டரை வாங்கிவிட்டு இரவெல்லாம் ஒரு மின்விசிறியும் கைபேசி சார்ஜரும் மட்டும் ஓட்டுபவர்களுக்கு வடிகட்டி பழுது திரும்பத் திரும்ப வருவதன் காரணம் இதுதான். இளவேனில், இலையுதிர் மாதங்களில் குளிரூட்டி தேவைப்படாத இரவுகளில் பேட்டரி குறைந்தால் மட்டும் தானே கிளம்பி, ஏற்றிவிட்டு நிற்கும் அமைப்பு உள்ள ஏபியு நல்லது. தொடர்ந்து சும்மா சுழலும் ஏபியுவைவிட அதன் எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கும்.

பெரிய எஞ்சினின் கூலன்ட்டோடு ஏபியுவின் கூலன்ட்டையும் சேர்த்து ஓட்டும் அமைப்பும் உண்டு. உறைபனிக் காலையில் பெரிய எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும், சுலபமாகக் கிளம்பும். பாதகம் என்னவென்றால், ஏபியுவின் ஒரு ஹோஸ் வெடித்தால் பெரிய எஞ்சினின் கூலன்ட்டும் சேர்ந்து வடியும். இருபுறமும் அடைக்கும் வால்வு இல்லாமல் இந்த இணைப்பை ஏற்காதீர்கள்.

ஹீட்டர் தனிக் கதை

குளிர்ப் பகுதிக்கு மட்டும் ஓடும் லாரிக்கு முழு ஏபியுவே தேவைப்படாமல் போகலாம். வெபாஸ்டோ, எபர்ஸ்பேச்சர் போன்றவர்களின் 2 கிலோவாட் டீசல் ஹீட்டர் மணிக்கு 0.12 முதல் 0.24 லிட்டர் டீசலில், ஓடும்போது 15 முதல் 30 வாட் மின்சாரத்தில் கேபினைச் சூடாக வைத்திருக்கும். பத்து மணி நேர இரவுக்கு அதிகபட்சம் 2.4 லிட்டர், அவ்வளவுதான். சாதாரண ஸ்டார்டர் பேட்டரியே இதைத் தாங்கும். எரிபொருளுக்குக் கிடைக்கும் பயனில் இதற்கு இணை எதுவும் இல்லை.

இதன் முதல் எதிரி கரி. குறைந்த வேகத்திலேயே எப்போதும் ஓடினால் எரியறையில் கரி படிந்து, ஒருநாள் வெண்புகை விட்டு அணைந்துவிடும். வாரம் ஒருமுறையாவது 20 நிமிடம் முழு வேகத்தில் ஓடவிட வேண்டும். கோடையிலும் மாதம் ஒருமுறை ஓட்டுங்கள். இல்லையென்றால் பம்பில் பழைய டீசல் பிசினாகும். இரண்டாவது எதிரி அவசரம். அணைத்தபின் விசிறி சில நிமிடம் ஓடி எரியறையைக் குளிர்விக்கும். அதற்குள் பேட்டரி சுவிட்சைத் திருப்பி மொத்த மின்சாரத்தையும் துண்டித்தால் உள்ளிருக்கும் சூடு போக வழியின்றி உணர்விகளையும் விசிறியையும் உருக்கும். ஹீட்டரின் மின்சாரத்தை முதன்மைச் சுவிட்சுக்கு முன்னாலேயே, தனி ஃபியூஸுடன் எடுக்க வேண்டும். மூன்றாவது எதிரி உயரம்: 1,500 மீட்டருக்கு மேல் காற்று மெலிந்து எரிகலவை கெட்டு கரி கூடும். மலைத்தொடர்களைக் கடந்து அங்கேயே இரவு தங்கும் வழித்தடத்துக்கு, உயரத்துக்கேற்பத் தானே டீசலைக் குறைக்கும் வகையைக் கேளுங்கள்.

விதிகள், எடை, வரி

கலிஃபோர்னியாவில் பொதுவாகப் பெரிய டீசல் லாரியை 5 நிமிடத்துக்கு மேல் ஐட்லிங்கில் விடக்கூடாது. இதைத் தெரிந்தவர்கள் பலர்; அடுத்ததைத் தெரிந்தவர்கள் குறைவு. 2007ஆம் ஆண்டு மாடல் அல்லது அதற்குப் பிந்தைய எஞ்சின் உள்ள லாரியில் டீசல் ஏபியுவை அங்கே ஓட்ட வேண்டுமானால், ஏபியுவுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட டிபிஎஃப் வேண்டும், அல்லது ஏபியுவின் புகையை லாரியின் டிபிஎஃப்புக்கு முன்பாக இணைத்திருக்க வேண்டும். வடிகட்டி இல்லாத ஏபியு மலிவாகக் கிடைக்கும். உங்கள் லாரி ஒருநாளும் அந்த மாநிலத்துக்குள் நுழையாது என்ற உறுதி இல்லாவிட்டால் அந்த மலிவு பயனற்றது. விற்கும்போதும் வடிகட்டி உள்ளதற்கே கேட்பவர்கள் அதிகம். பேட்டரி ஏபியுவுக்கு இந்தத் தொல்லை எதுவுமில்லை.

எடையிலும் ஒரு சலுகை இருக்கிறது. கூட்டாட்சிச் சட்டம் 2005இல் ஏபியுவுக்காக 400 பவுண்டு கூடுதல் எடையை அனுமதித்தது. 2012இல் அது 550 பவுண்டாக, அதாவது சுமார் 250 கிலோவாக உயர்ந்தது. 80,000 பவுண்டு மொத்த எடை வரம்புக்கு மேல் இதை ஏற்பது மாநிலங்களின் விருப்பம், எல்லா மாநிலமும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. சலுகை வேண்டுமென்றால் ஏபியுவின் எடையைக் காட்டும் எழுத்துச் சான்று கையில் இருக்க வேண்டும், ஏபியு வேலை செய்வதையும் நிரூபிக்க வேண்டும். பழுதாகி ஓடாமல் கிடக்கும் ஏபியுவுக்குச் சலுகை கிடையாது. டீசல் ஏபியுக்கள் பெரும்பாலும் 180 முதல் 230 கிலோ. நான்கு ஏஜிஎம் பேட்டரிகள் மட்டுமே 130 கிலோவைத் தொடும்.

புதிய லாரியோடு சேர்த்து வாங்கும்போது ஏபியுவின் விலைக்கு 12 விழுக்காடு கூட்டாட்சி கலால் வரி போடக்கூடாது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அங்கீகரித்த ஐட்லிங் குறைப்புக் கருவிகளுக்கு 2008 முதல் விலக்கு உண்டு. ரசீதில் ஏபியுவின் விலை தனியாகக் காட்டப்பட்டு, வரி கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மொத்த விலைக்குள் கரைந்துபோனால் யாரும் தேடித் திருப்பித் தரமாட்டார்கள்.

கேபினைக் கவனித்தபின் பிடியு

2 முதல் 3 கிலோவாட் குளிர்ச்சி, அதாவது 7,000 முதல் 10,000 பிடியு, சாதாரண படுக்கை கேபினுக்குப் போதும். உயர்ந்த கூரையும் இரட்டைப் படுக்கையும் கொண்ட பெரிய கேபினுக்கு 12,000க்கு மேல் கேட்கும். விளம்பரத்தில் உள்ள எண் எந்த வெளி வெப்பத்தில் அளக்கப்பட்டது என்பதையும் விசாரியுங்கள். வெளியே சூடு ஏற ஏற எல்லாக் குளிரூட்டியின் திறனும் குறையும். 35 டிகிரியில் 10,000 காட்டிய அலகு 43 டிகிரியில் அதைத் தராது.

பிடியுவைக் கூட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது கேபினை மூடுவது. ஓட்டும் பகுதிக்கும் படுக்கைக்கும் நடுவே தடித்த, தரைவரை தொங்கும் திரை. முன் கண்ணாடிக்கு வெளிச்சத்தைத் திருப்பும் மறைப்பு. கதவு ரப்பர்களின் ஓட்டை. தரையில் கிளட்ச், ஸ்டீயரிங் கம்பி நுழையும் இடங்களின் அடைப்பு. திரை ஒன்று மட்டுமே குளிர்விக்க வேண்டிய இடத்தைப் பாதியாக்கும். நிறுத்துவதற்கு அரை மணி நேரம் முன்பே லாரியின் சொந்தக் குளிரூட்டியை முழு வேகத்தில் வைத்துப் படுக்கைப் பகுதியையும் மெத்தையையும் குளிர்வித்துவிடுங்கள். பேட்டரி ஏபியுவுக்கு மிகக் கடினமான முதல் ஒரு மணி நேரம் இதனால் இலேசாகும்.

பொருத்துவதில் போகும் பொருள்

நல்ல ஏபியுவும் மோசமாகப் பொருத்தினால் பழுதாகும். முதலில் இடம். சேஸியின் பக்கவாட்டில் டீசல் தொட்டி, யூரியாக் கரைசல் தொட்டி, டிபிஎஃப் பெட்டி, காற்றுத் தொட்டிகள், ஏறும் படி எல்லாம் போக என்ன மிஞ்சுகிறது என்று டேப்பால் அளந்து பாருங்கள். சில லாரிகளில் டீசல் தொட்டியையே மாற்ற வேண்டிவரும்; அந்தச் செலவை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். சேஸி சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடவோ பற்றவைக்கவோ கூடாது. துளை நடுத்தகட்டில் மட்டுமே, அதுவும் லாரி உற்பத்தியாளர் அனுமதித்த இடத்தில். விளிம்பில் இட்ட துளையிலிருந்து விரிசல் ஓடினால் சேஸியே போய்விடும்.

டீசல் எடுக்கும் குழாய் அடுத்தது. பெரிய எஞ்சினின் குழாயில் கிளை பிரித்து எடுப்பது எளிது, ஆனால் காற்று புகுந்து இரண்டு எஞ்சினும் அணையும் வாய்ப்பைத் தானே உருவாக்குகிறோம். தொட்டியில் தனித் துளையிட்டுத் தனிக் குழாய் இறக்க வேண்டும். அது பெரிய எஞ்சினின் குழாயைவிடச் சில அங்குலம் குட்டையாக இருக்க வேண்டும். ஏபியு தன் குழாய்க்கு எட்டும் டீசலையெல்லாம் எரித்தாலும் காலையில் லாரி கிளம்ப டீசல் மிஞ்சும். குளிரில் மெழுகு கட்டுவதும் ஏபியுவில்தான் முதலில் வரும். பெரிய எஞ்சின் சூடான டீசலைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்புகிறது. ஏபியுவின் மெல்லிய குழாயும் சிறிய வடிகட்டியும் வெளிக்காற்றில் தொங்குகின்றன. குளிர்கால டீசலும், வடிகட்டிக்குச் சூடேற்றும் உறையும் வடக்கே போகும் லாரிக்கு அவசியம்.

வயர் தடிமனில் சிக்கனம் பார்க்காதீர்கள். 140 ஆம்பியர் ஓடும் இன்வெர்ட்டருக்கு, போய்வரும் தூரம் 6 மீட்டர் என்றால், 67 சதுர மில்லிமீட்டர் கேபிளில் 0.2 வோல்ட் விழும். 33 சதுர மில்லிமீட்டரில் இரு மடங்கு. பேட்டரி 11.8 வோல்ட்டில் இருக்கும் இரவில் இந்த வித்தியாசம் இன்வெர்ட்டரை அணைத்துவிடும். பேட்டரி முனைக்கு மிக அருகில் ஃபியூஸ் இருக்க வேண்டும். சேஸியில் உரசும் இடமெல்லாம் ரப்பர் உறை. சாலையில் பனி உருகத் தெளிக்கும் மெக்னீசியம் குளோரைடு வயர் முனைகளுக்குள் ஊறி பச்சையாக அரிக்கும். வெப்பத்தில் சுருங்கும் பிசின் உறை போட்ட முனைகளே நிலைக்கும். நவீன ஏபியுக்களில் வரும் கிளம்பாத பழுதுகளில் பல எர்த் வயரில்தான் முடிகின்றன. மின்சுற்று அட்டையை மாற்றச் சொல்பவரை நம்புவதற்கு முன் எர்த்தை அளந்து பாருங்கள்.

புகை வெளியேறும் முனை கேபினுக்குப் பின்னால், வெளிப்புறம் நோக்கி இருக்க வேண்டும். படுக்கைக்கு அடியில் ஒருபோதும் விடக்கூடாது. அதிர்வால் வளையும் குழாயில் விரிசல் விழுந்தால் கார்பன் மோனாக்சைடு தரைத் துளைகள் வழியாக உள்ளே ஏறும். அதற்கு மணமில்லை, உறங்குபவர் விழிப்பதும் இல்லை. டீசல் ஏபியுவோ ஹீட்டரோ உள்ள கேபினில், தலைமாட்டில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் ஒரு இரவும் படுக்காதீர்கள்.

உத்தரவாதத்தை மணிக்கணக்கில் படியுங்கள். ஆண்டு, மணி இரண்டில் எது முதலில் வருகிறதோ அதோடு முடியும் என்று எழுதியிருக்கும். ஆண்டுக்கு 1,800 மணி நேரம் ஓடும் ஏபியு 2,000 மணி நேர உத்தரவாதத்தை 14 மாதத்துக்குள் தின்றுவிடும், தாளில் இரண்டு ஆண்டு என்றிருந்தாலும். உங்கள் வழக்கமான வழித்தடத்தில் அந்த ஏபியுவைப் பழுது பார்ப்பவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள், ஞாயிறன்று பெல்ட்டும் வடிகட்டியும் கிடைக்குமா என்பதையும் வாங்கும் முன்பே விசாரியுங்கள். ஆயிரம் மைலுக்கு ஒரு முகவர் மட்டுமே உள்ள சிறந்த ஏபியுவைவிட, வழியெல்லாம் உதிரிபாகம் கிடைக்கும் நடுத்தர ஏபியு மேல்.

பொருத்திய முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு சேஸி போல்ட்டுகளைக் குறிப்பிட்ட முறுக்கில் மீண்டும் இறுக்க வேண்டும். புதிய தாங்கிகள் அமர்ந்து தளர்வது இயல்பு. முதல் 50 மணி நேரத்தில் பெல்ட் இறுக்கத்தையும் ஹோஸ் கிளிப்புகளையும் பார்க்க வேண்டும். பிறகு ஆயில் மாற்றுவதை மணிக்கணக்குக் காட்டியைப் பார்த்துச் செய்யுங்கள், லாரியின் மைல் கணக்கைப் பார்த்து அல்ல. கண்டென்சரில் ஒட்டும் புழுதியையும் பூச்சியையும் கோடைக்கு முன் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அழுத்தம் கூடிய பீச்சுகுழலை அருகில் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து காற்றுப் பாதையே அடைபடும். குளிரூட்டி மதியத்தில் மட்டும் நின்று நின்று ஓடுகிறது, இரவில் சரியாக இருக்கிறது என்றால் கேஸ் நிரப்பப் போகாதீர்கள். அழுக்கான கண்டென்சரால் அழுத்தம் ஏறிக் காவல் சுவிட்ச் அணைக்கிறது; கழுவினால் சரியாகிவிடும்.